ஒன்பதுக்கு அஞ்சு

ஒன்பதுக்கு அஞ்சு! எனக்கு! கேட்டீங்களா சார் இந்தக் கூத்த? என் குடலுக்கு ஒன்பதுக்கு அஞ்சு போட்டிருக்கான்... சரி, போட்டிருக்காரு, டாக்டர்தான், மரியாதையாவே சொல்லுவோம். ஆனா சார், ஊர்ல இருக்கற ஹோட்டல் அடுக்களைக்கெல்லாம் சுத்தத்துக்கு மார்க் போட்டவன் சார் நான். சுகாதார இன்ஸ்பெக்டர். ரிட்டயர்டு. என் தலை தெருமுனைல தெரிஞ்சா போதும், திறந்து கிடக்கற அண்டாவெல்லாம் தானா மூடிக்கும். 'எட்டிப்பாத்தான்'னு எனக்குப் பட்டப்பேரே இருந்துது. முதுகுக்குப் பின்னாலதான் சொல்லுவாங்க, ஆனா காது முதுகுப் பக்கமும் கேக்கும்ல? அப்பேர்ப்பட்டவனுக்குள்ள எட்டிப்பாத்து, 'சுத்தம் போதாது'ன்னுட்டாங்க சார். யானைக்கும் அடி சறுக்கும்பாங்க. எனக்குக் குடலே சறுக்கிருச்சு.

நீங்க குடிங்க, குடிங்க. நான் பாட்டுக்குப் பேசறேன், நீங்க பாட்டுக்குக் குடிங்க. முதல் தடவையா? அதான் மூஞ்சில எழுதி ஒட்டியிருக்கே. இந்த மருந்து மெதுவா உறிஞ்சினா இறங்காது சார், மூக்கப் பிடிச்சுக்கிட்டு மடமடன்னு ஊத்திக்கணும். கடல் தண்ணில எலுமிச்சம்பழம் புழிஞ்ச மாதிரி இருக்கும். அவங்க 'பழ ருசி'ம்பாங்க. எந்தப் பழம்னு கேளுங்க, முழிப்பாங்க. ஆமா... உங்கள எங்கயோ பாத்த மாதிரி இருக்கே சார்? இல்ல? சரி விடுங்க. இந்தப் பச்சை அங்கிய மாட்டி, முதுகுல நாடாவக் கட்டி, தலைக்கு ஒரு குல்லாவையும் போட்டு உக்கார வெச்சுட்டா எல்லாருக்கும் ஒரே மூஞ்சிதான்.

அந்தச் செடியையே ஏன் சார் பாக்கறீங்க? அது பிளாஸ்டிக். தொட்டிக்குள்ள மண்ணும் இல்ல, வெறும் தெர்மாகோல். வந்ததும் முதல் வேலையா தொட்டுப் பாத்துட்டேன்... சும்மாதான் சார், பழக்கதோஷம். அந்த ரெண்டாவது பாத்ரூம் பூட்டியிருக்கு பாத்தீங்களா? அது என் கைங்கரியம். உள்ள போய்ப் பாத்தேன், தரையில ஓரமா பாசி. விடுவேனா? சூப்பர்வைசரக் கூப்பிட்டேன். 'இது ஆஸ்பத்திரியா, ஆத்தங்கரையா?'ன்னு ஒரு பிடி பிடிச்சேன். கழுவி, மருந்தடிச்சு, காஞ்சப்புறம்தான் திறக்கணும்னு சொல்லி என் கண் முன்னாலயே பூட்ட வெச்சேன். ரிட்டயர் ஆனா என்ன சார், மூக்கு ரிட்டயர் ஆகல இல்ல? நமக்கு இந்த ஒண்ணு போதும்.

எங்க விட்டேன்? ஆங், அஞ்சு. இது ஆரம்பிச்சது என் பொண்ணால. என் அண்ணன் போனதுலேருந்து அவளுக்கு ஒரே பிடிவாதம், நானும் உள்ள பாத்துக்கணுமாம். அண்ணனுக்கு வந்தது குடல்ல... அத அப்புறம் சொல்றேன். இங்க ஒரு ஆராய்ச்சி நடக்குது, ஆள் சேக்கறாங்கன்னு தெரிஞ்சதும் என்னைக் கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்துட்டா. என்ன ஆராய்ச்சின்னா, குழாய் விட்டு உள்ள பாக்கறதுக்கு முந்தி வயித்தக் கழுவணும்ல, அத எப்படிக் கழுவினா நல்லா கழுவுதுன்னு ஆராய்ச்சி. சிரிக்காதீங்க சார், நிஜமாத்தான். நானும் முதல்ல சிரிச்சேன். அப்புறம்தான் யோசிச்சுப் பாத்தேன், அடுக்களை கழுவறதுக்கே அத்தனை சட்டம் வெச்சிருந்தோம், இதுக்கு இருக்கக்கூடாதா?

ரெண்டு கூட்டமா பிரிச்சிருக்காங்க. ஒரு கூட்டம் ஜாடி மருந்து மொத்தத்தையும் முந்தின நாள் சாயந்திரமே குடிச்சு முடிச்சிரணும். இன்னொரு கூட்டம் சாயந்திரம் பாதி, மறுநாள் விடிஞ்சதும் மிச்சப் பாதி. எனக்கு அது வேணும், இது வேணும்னு கேட்டு வாங்க முடியாது. கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்கிப் போடும். குழாய் விடற டாக்டருக்கு யாரு எந்தக் கூட்டம்னு தெரியவே கூடாது, நாமளும் அவருகிட்ட மூச்சு விடக்கூடாது. தெரிஞ்சா மார்க்குல கை சாயும் இல்லையா? அது எனக்குப் பிடிச்சிருந்துது சார், பொய் சொல்லக்கூடாது. யாரோட ஹோட்டல்னு தெரியாம உள்ள போனாத்தானே நியாயமா மார்க் போட முடியும்? என் மேலதிகாரிகிட்ட ஒருதரம் கேட்டேன், கண்ணக் கட்டிக் கூட்டிட்டுப் போங்கன்னு. 'கண்ணக் கட்டினா அழுக்கு எப்படிய்யா தெரியும்'னுட்டாரு. அதுவும் நியாயம்தான்.

எனக்கு விழுந்தது பாதி பாதி கூட்டம். என் சம்பந்திக்கு விழுந்தது மொத்தக் கூட்டம். ஆமா சார், அவரும் சேந்தாரு! நான் சேந்துட்டேன்னு தெரிஞ்சதும் அவரால வீட்ல உக்கார முடியுமா? நான் மூக்குக்கண்ணாடி மாத்தினா அவரும் மாத்துவாரு. நான் பல்லப் பிடுங்கினா, நல்லா இருக்கற பல்லப் பிடுங்கிட்டு வந்து நிப்பாரு. அப்படி ஒரு பிறவி. அவரு மார்க் என்ன தெரியுமா? எட்டு. ஒன்பதுக்கு எட்டு! அதோட விட்டாரா மனுஷன்? டாக்டர் எடுத்த படத்த செல்போன்ல ஏத்திக்கிட்டாரு. உள்படம் சார்! ரோஸ் கலர்ல, பளபளன்னு. எல்லாரும் சாப்பிட உக்காந்திருக்கோம், செல்ல நீட்டறாரு. பேத்தி 'தாத்தா, இது குகையா?'ங்குது. 'ஆமாண்டா கண்ணு, தாத்தாவோட குகை'ங்கறாரு! அதுக்கப்புறம் யாருக்காவது சோறு இறங்குமா? போதாக்குறைக்கு என்னப் பாத்து, 'என்ன சம்பந்தி, உங்க படத்தக் கண்ணுலயே காட்ட மாட்டேங்கறீங்களே'ன்னு ஒரு இளிப்பு. வெந்த புண்ணுல வேலப் பாய்ச்சறதுன்னா இதுதான்.

அந்த அஞ்சு எப்படி வந்துதுன்னு கேளுங்க. குடல மூணு பாகமா பிரிச்சு, ஒவ்வொண்ணுக்கும் மூணு மார்க்கு வெச்சிருக்காங்க. இடது பக்கம், அதான் வாசல் பக்கம், மூணுக்கு மூணு! நடுக்கட்டுக்கு ரெண்டு. வலது பக்கம், அந்தக் கடைசி மூலைக்கு... சைபர். கோழிமுட்டை. நான் அப்படியே குதிச்சேன். மருந்து போலின்னேன். தண்ணி சரியில்லன்னேன். டாக்டருக்குக் கண்ணு சரியில்லன்னேன். கம்ப்யூட்டர்ல என் சம்பந்தி ஏதோ பூந்து வெளையாடியிருக்காருன்னு கூட சொன்னேன். அவருக்கு செல்போனுல சத்தத்தக் குறைக்கத் தெரியாது, அது வேற விஷயம். அந்த ஆராய்ச்சி நர்ஸம்மா எல்லாத்தையும் பொறுமையா கேட்டுட்டு, 'தண்ணி குடிக்கறீங்களா சார்'னு மட்டும் கேட்டாங்க. 'தண்ணிங்கற பேச்சையே எடுக்காதீங்கம்மா'ன்னுட்டு வந்துட்டேன்.

ஆனா சார், உங்ககிட்ட சொல்றதுக்கென்ன... வாசல் பக்கம் பளபளன்னு இருந்து, பின்னால மட்டும் குப்பையா கிடந்தா, அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா? அதுலயே பழம் தின்னு கொட்டை போட்டவன் நான். ஒரு ஹோட்டல் கதை சொல்றேன் கேளுங்க. முதலாளிக்கு இத்தாம்பெரிய மீசை. நான் உள்ள நுழைஞ்சதும் 'வாங்க வாங்க'ன்னு முன் மேஜைல உக்கார வெச்சு, டீ குடுத்தான். தம்ளர் விளிம்ப துண்டால ரெண்டு தரம் தொடச்சுத்தான் குடுத்தான், என்னா சுத்தம்! அது முடிஞ்சதும் இன்னொரு டீ. கைகழுவற இடத்தக் காட்டினான், முகம் பாத்துக்கலாம் போல இருந்துது. அவன் பொண்ணு பரிச்சைல எடுத்த மார்க்கு, பக்கத்துக் கடைக்காரனோட சண்டை, முட்டிவலிக்கு என்ன தைலம்... பேசறான் பேசறான், பேசிக்கிட்டே இருக்கான். 'பின்னால ஒரு கதவு இருக்கே, அத திற'ன்னேன். மீசைய ஒரு முறுக்கு முறுக்கிட்டு என்ன சொன்னான் தெரியுமா? 'சாவி மச்சான்கிட்ட இருக்கு சார், மச்சான் ஊருக்குப் போயிருக்கான்.' நான் போய் கதவ டமடமன்னு தட்டறேன். உள்ளேருந்து யாரோ தும்மறாங்க சார்! மச்சான்! ஊருக்குப் போன மச்சான் உள்ள உக்காந்து தும்மறான்!

அட, ஏன் சார் உங்களுக்குப் புரையேறுது? தலைல தட்டிக்கங்க. மெதுவா, மெதுவா... அப்புறம் என்ன, கதவத் திறந்தா கழுவாத பாத்திரம் மலையாட்டம் குவிஞ்சு கிடக்கு. சாப்பிட வந்த ஜனம் அத்தனை பேர் முன்னாலயும் வாங்கு வாங்குன்னு வாங்கி, கடைய இழுத்து மூட வெச்சுட்டேன். சட்டம்னா சட்டம். அந்த ஆளு? மீசைய மட்டும் தடவிக்கிட்டு நின்னான். பாவமாத்தான் இருந்துது, ஆனா பாவம் பாத்தா ஊருக்கே வயித்தால போகும்ல?

எதுக்கு இத சொல்றேன்னா... அந்த முதலாளி இருந்த இடத்துல இப்ப யாரு இருக்கா? நானு. பாதி மருந்து சார்... சாயந்திரப் பாதிய ஒழுங்கா குடிச்சேன், சத்தியமா. காலைப் பாதிய... எங்க வீட்டு பால்கனில ஒரு ரோஜாச் செடி. என் பொண்ணு வளக்கறது. அவ சமையல்கட்டுல காவல் நிக்கறா, நான் 'காத்தாட குடிக்கறேம்மா'ன்னு ஜாடியத் தூக்கிட்டு வெளிய போயிட்டேன். எனக்கு ஒரு தம்ளர், அதுக்கு ஒரு தம்ளர்னுதான் ஆரம்பிச்சேன். அப்புறம் பாத்தேன், எனக்கெதுக்குன்னு மொத்தத்தையும் அதுக்கே... காலைல குடிக்கற பாதிதான் அந்தக் கடைசி மூலையக் கழுவறதாம். அத நர்ஸம்மா முதல் நாளே படம் போட்டு விளக்கியிருந்தாங்க. தெரிஞ்சேதான் ஊத்தினேன்.

ஆங்? ருசிக்காகவா? ருசியாவது மண்ணாவது! வேப்பெண்ணெயக் குடுத்திருந்தாலும் குடிச்சிருப்பேன். பயம் சார். வெறும் பயம். என் அண்ணன் ஆளு எப்படி இருப்பாரு தெரியுமா? கிரைண்டரத் தனியாளா மாடிக்குத் தூக்கிட்டுப் போவாரு. வயிறு ஒரு மாதிரி இருக்குன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு, பாக்கலாம் பாக்கலாம்னு தள்ளிக்கிட்டே இருந்தாரு. கடைசில குழாய் விட்டுப் பாத்தா வலது பக்க மூலைல இருந்துது. முத்திப் போச்சு. பாத்ததுலேருந்து ஆளு மளமளன்னு தேய்ஞ்சு... சரி. என் மனசுல என்ன உக்காந்துக்கிச்சுன்னா, பாத்ததாலதான் போனாருன்னு. பாக்காதவரைக்கும் நல்லாத்தானே இருந்தாரு? முட்டாள்தனம், தெரியுது. 'பூட்டி வெச்சா உள்ள ஒண்ணும் இல்லன்னு ஆயிருமாய்யா?'ன்னு எத்தனை முதலாளிங்ககிட்ட கத்தியிருப்பேன்! ஊருக்குத்தான் உபதேசம்.

கேளுங்க, அந்த ரோஜா ஒரே வாரத்துல கருகிப் போச்சு. பொண்ணு மண்ணக் கிளறி மோந்து பாத்தா. எலுமிச்சம்பழ வாசனை! எட்டிப்பாத்தான் பெத்த பொண்ணாச்சே, மூக்கு அப்படியே என்னோடது. திட்டியிருந்தா நானும் பதிலுக்குக் கத்தி சமாளிச்சிருப்பேன். அவ திட்டல சார். தொட்டி பக்கத்துலயே தரைல உக்காந்துட்டா. 'பெரியப்பா மாதிரி உன்னையும் பாக்கணுமாப்பா'ன்னு ஒண்ணே ஒண்ணு கேட்டா. நான் வாய மூடிட்டேன். நான்! வாய! ஏன்னா டாக்டர் சொன்னது அவளுக்கும் தெரியும். அந்த மூலைல ஏதோ மேடா இருக்கற மாதிரி தெரியுதாம். அழுக்கா, வேற ஏதாவதான்னு சொல்ல முடியலையாம். கழுவிட்டு மறுபடியும் வாங்கன்னுட்டாரு. அந்த மேடு இப்ப என் தலைமாட்டுலயே வந்து படுத்துக்குது சார். கண்ண மூடினா அதுதான் தெரியுது.

அப்புறம் நர்ஸம்மாகிட்ட போய் உள்ளதச் சொன்னேன். 'அம்மா, நான் குடிக்கவே இல்ல, செடிதான் குடிச்சுது, அதனால என் அஞ்ச ஆராய்ச்சிலேருந்து எடுத்துருங்க'ன்னேன். முடியாதாம்! எந்தக் கூட்டத்துல என் சீட்டு விழுந்துதோ அந்தக் கூட்டத்துலயேதான் என் மார்க்கு நிக்குமாம், குடிச்சாலும் சரி, கொட்டினாலும் சரி. 'வீட்ல போய் ஜனங்க நிஜமா என்ன பண்றாங்கன்னும் எங்களுக்குத் தெரியணும்ல சார்'ங்கறாங்க. அட, அதுவும் சரியாத்தான் இருக்கு. ஹோட்டலுக்கு சோப்பு குடுத்தா மட்டும் போதுமா, போட்டுத் தேய்க்கறானான்னு பாக்கணும்ல? இருந்தாலும் மனசு கேக்கல. 'அப்ப என்னால உங்க பாதி பாதி கூட்டமே தோத்துப் போயிருமே, சம்பந்தி கூட்டம் ஜெயிச்சிருமே'ன்னு கேட்டேன். அவங்க சிரிச்சுட்டு, 'நூத்துக்கணக்குல ஆளு இருக்காங்க சார், உங்க ஒருத்தரால கவிழாது'ன்னுட்டாங்க. ஒருத்தரால கவிழாதாம்! ஒருத்தனா நின்னு எத்தனை ஹோட்டல கவுத்திருக்கேன் நான்! அதுதான் சார் எல்லாத்தையும் விட வலிச்சுது.

அதான், இப்ப இங்கயே உக்கார வெச்சு காலைப் பாதிய ஊத்தறாங்க. வீட்டுக்கு அனுப்பினா செடி கொடி எதுவும் மிஞ்சாதுன்னு பயந்துட்டாங்க போல. இது கடைசித் தம்ளர். என்ன சார் அப்படிப் பாக்கறீங்க? பேச ஆரம்பிச்சதுலேருந்து கைலயே வெச்சிருக்கேனேன்னா? அட, சரியான ஆளுய்யா நீங்க! கவனிச்சுட்டீங்களே! உங்க ஜாடி காலியா? எப்ப குடிச்சீங்க? நான் பேசப் பேச நீங்க முடிச்சுட்டீங்களா? டீ குடுத்து, கதை சொல்லி, பின்பக்கம் போகவிடாம முன் மேஜைலயே உக்கார வெக்கறது... அந்த மீசைக்காரன் எனக்குப் பண்ணினத நான் எனக்கே பண்ணிக்கிட்டிருக்கேன் பாருங்க.

சரி. போதும். குடிச்சிடறேன். நீங்க சாட்சி. மேடோ பள்ளமோ, உள்ள என்ன இருக்கோ அத வெளிச்சம் போட்டுப் பாக்கட்டும். இருந்தா இருக்குன்னு சொல்லட்டும், சீக்கிரமா சொல்லட்டும். என் பொண்ணு வெளிய உக்காந்திருக்கா. அவளுக்கு இன்னொரு ரோஜாச் செடி வாங்கிக் குடுக்கணும்...

...

அப்பாடா! ஒரு சொட்டு விடல. பாத்தீங்கல்ல? கவுத்துக் காட்டறேன், பாருங்க. தூ... எந்தப் பழம்யா இது!

எந்திரிக்கறீங்களா சார்? ஓ, கூப்பிட்டிருச்சா! போங்க போங்க. அந்த முதல் பாத்ரூம் கதவுதான், தாப்பா கொஞ்சம் இறுக்கமா இருக்கும், தள்ளிப் போடணும். நீங்க முதல் தடவைக்காரரு, உங்களுக்குத்தான் முன்னுரிமை. நான் ஆற அமர... ஆற அமர...

சார்.

சார், முடிஞ்சுதா? அவசரமில்ல, சும்மாதான் கேட்டேன். இல்ல... அவசரம் கொஞ்சம் இருக்கு. எனக்கும் கூப்பிடற மாதிரி இருக்கு. மாதிரி என்ன மாதிரி, கூப்பிட்டாச்சு. சூப்பர்வைசர்! யாராவது அந்த ரெண்டாவது பாத்ரூம... சூப்பர்வைசர்! காயலன்னா பரவால்லய்யா, பாசி இருந்தா இருந்துட்டுப் போகட்டும், திறய்யா! யாரையும் காணோமே. பூட்ட வெச்ச என் வாய...

சார், கொஞ்சம் பாத்து... சார், ஒண்ணு கேக்கணும். நீங்க தம்ளர் விளிம்ப ரெண்டு தரம் தொடச்சுட்டுத்தானே குடிச்சீங்க? நான் ஹோட்டல் கதை சொன்னப்ப உங்க கை மேல் உதட்டுக்குப் போச்சே... அங்க மீசையே இல்ல, எதத் தடவினீங்க?

ஐயய்யோ.

முதலாளி! முதலாளி, நீங்களா? மீசைய எப்ப எடுத்தீங்க? நல்லா இருக்கு முதலாளி, இப்பத்தான் களையா இருக்கீங்க. அன்னைக்கு நான் 'அவன் இவன்'னு பேசினது... இப்ப பேசினதையும் சேத்து... ஒரு வாய்த்துடுக்குதான், மனசுல வெச்சுக்காதீங்க. உங்க கடை மாதிரி ஒரு கடை உண்டா? அந்தக் கைகழுவற இடம்! இப்ப கேட்டாலும் நூத்துக்கு நூறு போடுவேன். கதவத் திறங்க முதலாளி. நானும் திறந்துட்டேன், உள்ள இருக்கறதெல்லாம் ஒரேயடியா கிளம்பி வாசலுக்கு வந்து நிக்குது. அன்னைக்கு மாதிரியே தட்டறேன் பாருங்க, கேக்குதா? டமடமன்னு...

என்னது? சத்தமா சொல்லுங்க. சிரிக்காம சொல்லுங்க, புரியல. சாவி...?

சாவி மச்சான்கிட்ட இருக்கா!

ஐயோ... மச்சான் எப்ப முதலாளி வருவான்?